சமபந்தியா, சம்பந்தியா?

கோடம்பாக்கம். இந்தப் பெயரில் எத்தனை புள்ளி இருக்கிறது, எண்ணுங்கள் பார்ப்போம். ம், க், ம். மூன்று, சரியா? தமிழ்99 விசைப்பலகையில் இதை அடித்தால் நாம் வைக்க வேண்டியது ஒரே ஒரு புள்ளி, கடைசி எழுத்துக்கு மட்டும். மற்ற இரண்டையும் மென்பொருளே வைத்துவிடும். நம்மை ஒரு வார்த்தை கேட்காது!

கேட்காமலே அதற்கு எப்படித் தெரியும்? கடைசியாக அடித்த எழுத்தை அது நினைவில் வைத்திருக்கும். ம-வை அடுத்து ப வந்தால் 'ம்ப' என்று முடிவு கட்டிவிடும். பாம்பு, தும்பி, கரும்பு என்று நம் சொற்கள் பெரும்பாலும் அப்படித்தானே? ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ன்ற இவற்றுக்கும் அதே விதி. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி. பக்கம், அம்மா, பட்டம் எல்லாம் அப்படி வருபவை. ஆக, கோடம்பாக்கத்துக்குப் பத்தே தட்டு. புள்ளியெல்லாம் நாமே வைத்தால் பன்னிரண்டு.

1999-இல் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்தது. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு இந்த விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அதையும் நம்மைக் கேட்காமல்தான் முடிவு செய்தார்கள்!

இணையதளம் கட்டுகிறவர்களிடமும் இப்படிப் பிடிவாதக்காரக் கருவிகள் உண்டு. 2004-இல் வந்த 'ரூபி ஆன் ரெயில்ஸ்' அவற்றில் ஒன்று. 'புக்' என்று நீங்கள் பெயர் வைத்தால், தகவல் அட்டவணையின் பெயர் 'புக்ஸ்' என்று அதுவே எடுத்துக்கொள்ளும். 'பெர்சன்' என்றால் 'பீப்பிள்'! எல்லாரும் தினமும் ஒரே மாதிரி எடுக்கிற முடிவை எதற்குத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்?

ஆனால் தமிழ்99 விதி சறுக்கும் இடமும் உண்டு. சுதந்திர தினத்தன்று கோயில்களில் சமபந்தி விருந்து நடக்கும், தெரியுமா? அதை அப்படியே அடித்துப் பாருங்கள். 'சம்பந்தி விருந்து' என்று வரும். யார் வீட்டுக் கல்யாணமோ!

விதி எழுதியவர்களுக்கு இது தெரியும். அதனால் ஒரு கொல்லைக் கதவும் வைத்தார்கள். ம-வுக்குப் பிறகு 'அ' விசையைத் தட்டிவிட்டு ப-வை அடித்தால் மென்பொருள் புள்ளி வைக்காது. இந்தக் கதவு இருப்பதால்தான் எனக்கு அந்தப் பிடிவாதக்காரரைப் பிடிக்கிறது.

சென்னைப் புத்தகக் காட்சி நடத்தும் சங்கத்தின் பெயர் பபாசி. 'அ' தட்டாமல் அதை அடித்துப் பாருங்கள். 'ப்பாசி' என்று திக்கும்.