டிரக்குக்கு மூன்று அங்குலக் குதிகால்!

உயரம் குறைந்தவர்கள் குதிகால் உயர்ந்த செருப்பு போட்டுக்கொள்வது உண்டு. டிரக் வண்டி போட்டுக்கொள்ளுமா?

போட்டுக்கொள்கிறது! அமெரிக்காவில் இது சர்வ சாதாரணம். அங்கே அதற்கு "பாடி லிப்ட்" என்று பெயர். வண்டியின் பாடியைத் தூக்கி, அடியில் கட்டை வைத்து உயர்த்துவதுதான் அந்த வேலை.

அமெரிக்காவில் "பிக்கப் டிரக்" என்ற வண்டிக்கு மிகுந்த செல்வாக்கு. முன்னால் ஆட்கள் உட்கார ஓர் அறை இருக்கும். பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி இருக்கும். விவசாயிக்கும் அதுதான் வண்டி. தச்சருக்கும் அதுதான் வண்டி. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே போகவும் அதுதான்.

போர்டு கம்பெனி 1925-ம் ஆண்டில் தன் தொழிற்சாலையிலேயே பிக்கப் வண்டியைச் செய்து விற்கத் தொடங்கியது. அப்போது விலை 281 டாலர். அதே கம்பெனியின் "எப்" வரிசை டிரக்குகள் 1948-ல் வந்தன. 1977-ம் ஆண்டு முதல் அமெரிக்காவில் அதிகமாக விற்கும் டிரக் அதுதான்.

எதற்காக உயரம்?

இந்த வண்டிகளை வாங்கிய எல்லோரும் அவற்றை அப்படியே ஓட்டுவது இல்லை. சிலர் சேற்றிலும் மணலிலும் மலைப் பாதையிலும் ஓட்ட ஆசைப்படுகிறார்கள். அதற்குப் பெரிய டயர் வேண்டும். பெரிய டயரை மாட்டினால் அது மட்கார்டில் உரசும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடிக்கும்.

டயருக்கு இடம் வேண்டும். இடம் வேண்டுமானால் பாடி மேலே போக வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அழகு! உயர்ந்து நிற்கும் வண்டிக்கு ஒரு மிடுக்கு இருக்கிறது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள்.

செயின்ட் லூயி நகரத்துப் பாப் சாண்ட்லர் என்பவர், தம்முடைய 1974-ம் ஆண்டுப் போர்டு டிரக்கைப் பிரம்மாண்டமாக மாற்றினார். அதற்கு "பிக்புட்" என்று பெயர் வைத்தார். பெரிய கால் என்று அர்த்தம். 1981-ல் அந்த வண்டி, வரிசையாக நின்ற பழைய கார்கள் மேல் ஏறி அவற்றை நசுக்கியது. அதைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. பெரிய டயர் மோகம் அதன்பின் இன்னும் வளர்ந்தது.

சேசிஸ் வேறு, பாடி வேறு

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை எளிதில் விளங்கும்.

லாரியில் முதலில் வருவது சேசிஸ். இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள். நடுவே குறுக்குச் சட்டங்கள். பார்ப்பதற்கு ஏணி போல இருக்கும். என்ஜின், கியர்பெட்டி, சக்கரம் எல்லாம் அந்த ஏணியில்தான் இருக்கின்றன. அதன் மேல்தான் பாடி உட்காருகிறது.

பிக்கப் டிரக்கும் அப்படியே. சேசிசுக்கும் ஆட்கள் உட்காரும் அறைக்கும் நடுவே தடித்த ரப்பர் துண்டுகள் இருக்கும். அதிர்ச்சியைத் தாங்குவதற்காக அவை. ஒவ்வொரு ரப்பரின் நடுவிலும் ஒரு பெரிய போல்ட் போகும்.

அந்தப் போல்ட்டைக் கழற்றி, பாடியைத் தூக்கி, ரப்பருக்கு மேல் ஒரு கட்டையை வைத்து, நீளமான புதுப் போல்ட்டைப் போட்டு முடுக்கினால் பாடி உயர்ந்துவிடும். கட்டை என்றால் மரக்கட்டை அல்ல. கெட்டியான பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ செய்த உருளை. உயரம் ஓர் அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரை.

சேசிஸ் தனியாக இல்லாத வண்டிகளும் உண்டு. போர்டு கம்பெனியின் "மேவரிக்" அப்படிப்பட்டது. அதில் பாடியும் சட்டமும் ஒன்று. அங்கே இந்த வித்தை செல்லாது.

ஏமாற வேண்டாம்

பாடியை மூன்று அங்குலம் உயர்த்தினால், வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து மூன்று அங்குலம் உயருமா?

உயராது! சேசிஸ் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அச்சும் அங்கேயேதான் இருக்கிறது. மேலே உள்ள பாடி மட்டுமே உயர்ந்திருக்கிறது.

அடிவயிறு உயர்வது பெரிய டயரால்தான். அதிலும் ஒரு கணக்கு உண்டு. 30 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 அங்குல டயரை மாட்டினால், அச்சு உயர்வது ஒன்றரை அங்குலம்தான். டயரின் மேல்பாதி அச்சுக்கு மேலே அல்லவா இருக்கிறது?

இதில் இன்னொரு விஷயம். டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி அதிக தூரம் ஓடும். வேகம் காட்டும் முள்ளுக்கு இது தெரியாது. முள் 50 மைல் என்று காட்டும். வண்டி 55 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்!

சேசிசையும் சேர்த்து உயர்த்த வேறு முறை இருக்கிறது. அதில் ஸ்பிரிங்குகளையே மாற்ற வேண்டும். அதற்குச் செலவு அதிகம். பாடி லிப்ட்டுக்குச் செலவு குறைவு. அதனால்தான் பலர் இதை நாடுகிறார்கள்.

வேலை நடப்பது எப்படி?

சமதளத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள். சக்கரங்களுக்கு முட்டுக்கொடுக்கிறார்கள். பாட்டரியின் கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள்.

பழைய வண்டியானால் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும். அவசரப்பட்டுத் திருகினால் தலை முறிந்துவிடும். ஆகவே இரண்டொரு நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைக்கிறார்கள்.

பிறகு ஒரு முக்கியமான வேலை. பாடியையும் சேசிசையும் இணைக்கும் கம்பிகள், குழாய்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஊற்றும் குழாய், கைப் பிரேக்கின் கம்பி, பிரேக் குழாய், மின்சார வயர் ஆகியவை மூன்று அங்குலம் கூடுதலாக எட்டுமா? எட்டாதவற்றை நீட்ட வேண்டும். அல்லது இடம் மாற்றிக் கட்ட வேண்டும். ஒன்றை மறந்தாலும், ஜாக்கி ஏறும்போது அது அறுந்துவிடும்.

அடுத்து, ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை முழுவதும் கழற்றுகிறார்கள். மறு பக்கத்துப் போல்ட்டுகளைத் தளர்த்தி மட்டும் விடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் பாடி நழுவிவிடும்.

ஜாக்கிக்கு மேல் நீளமான பலகையை வைத்துப் பாடியை மெல்லத் தூக்குகிறார்கள். பலகை இல்லாவிட்டால் தகடு நசுங்கிவிடும். கட்டை நுழையும் அளவு இடைவெளி வந்ததும் நிறுத்துகிறார்கள். கட்டையை வைத்து, புதுப் போல்ட்டைக் கையால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுகிறார்கள். பிறகு மறு பக்கம். எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகே கடைசி முடுக்கு.

இந்த வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. பாடி ஜாக்கியில் நிற்கும்போது, நடுவே விரலை விடவே கூடாது.

காசை மிச்சப்படுத்த நினைத்து, ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வில்லைகளைக் கட்டையாக வைத்தவர்களும் அமெரிக்காவில் உண்டு. ஒரு வில்லையின் கனம் ஓர் அங்குலம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன ஆகும்? வண்டி குலுங்கும்போது அடுக்குச் சரியும். உயிரோடு விளையாடும் வேலை அது.

உயிர் இருக்கும் இடம்

ஸ்டியரிங் சக்கரம் பாடியில் இருக்கிறது. அது திருப்பும் பெட்டி சேசிசில் இருக்கிறது. இரண்டையும் ஒரு தண்டு இணைக்கிறது. பாடி உயர்ந்தால் அந்தத் தண்டு விலகிப்போகும்.

அதற்காக நீட்டுத் துண்டு ஒன்று தருகிறார்கள். அதைச் சரியாகப் பொருத்தி, போல்ட்டை இறுக்கமாக முடுக்க வேண்டும். அது கழன்றால் ஓட்டுகிறவர் கையில் சக்கரம் இருக்கும். வண்டி அவர் சொல்லைக் கேட்காது!

தண்டைப் பிரித்திருக்கும்போது ஸ்டியரிங்கைச் சுற்றிவிடவும் கூடாது. உள்ளே காற்றுப் பைக்கு மின்சாரம் கொண்டுபோகும் மெல்லிய நாடா சுருளாக இருக்கிறது. கண்டபடி சுற்றினால் அது அறுந்துவிடும். விபத்தில் உயிரைக் காக்க வேண்டிய பை விரியாமல் போகலாம். ஆகவே தேர்ந்த மெக்கானிக்குகள் சக்கரத்தை நேராக வைத்துக் கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

ரேடியேட்டர் பாடியோடு சேர்ந்து மேலே போகும். என்ஜின் கீழேயே இருக்கும். பழைய வண்டிகளில் விசிறி என்ஜினில் சுழலும். அதைச் சுற்றியுள்ள கூடு ரேடியேட்டரில் இருக்கும். கூட்டை இறக்கி மாட்ட மறந்தால், சாவியைத் திருப்பியதும் விசிறி கூட்டில் அடித்து நொறுங்கும்.

வேலை முடிந்த பிறகும் சோதனை உண்டு. ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். பிரேக்கை அழுத்திப் பார்க்க வேண்டும். முன்விளக்குகளைத் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் எதிரே வருபவரின் கண் கூசும். சில நூறு மைல் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும்.

கூஜாவும் தாம்பாளமும்

தாம்பாளத்தைத் தட்டினால் கவிழாது. நெட்டையான கூஜாவைத் தட்டினால் கவிழ்ந்துவிடும். வண்டியும் அப்படித்தான்.

அமெரிக்க அரசாங்கம் 2001-ம் ஆண்டு மாடல்கள் முதல், வண்டிகள் கவிழும் அபாயத்தை மதிப்பிட்டு வெளியிடத் தொடங்கியது. அதன் அடிப்படைக் கணக்கு எளிது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ள தூரத்தில் பாதியை எடுக்க வேண்டும். அதை எடைமையம் இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். எண் பெரிதாக இருந்தால் வண்டி உறுதியாக நிற்கும். சிறிதானால் ஆபத்து.

பாதித் தூரம் 33 அங்குலம், எடைமையத்தின் உயரம் 27.5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். எண் 1.20. கட்டையாலும் பெரிய டயராலும் எடைமையம் 30 அங்குலத்துக்கு ஏறினால், எண் 1.10 ஆகிவிடும். வளைவில் திடீரென்று திருப்பும்போது இந்தச் சிறிய வித்தியாசம் குடும்பத்தையே கவிழ்த்துவிடலாம்.

மற்றவர்களுக்கும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் கார்களின் பம்பர், தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்தில் மோதலைத் தாங்க வேண்டும் என்பது விதி. பிக்கப் டிரக்குக்கு இந்த விதி இல்லை. உயர்த்திய டிரக் ஒரு சிறிய காரில் மோதினால், பம்பரும் பம்பரும் சந்திப்பது இல்லை. டிரக்கின் முகப்பு காரின் மேல் ஏறிவிடும்.

உயரம் கூடக் கூட, வண்டிக்கு மிக அருகில் நிற்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. முன்னால் நிற்பது சிறு குழந்தையானால்? நினைக்கவே நடுங்குகிறது அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கலிபோர்னியாவில், சேசிசின் மேல்பகுதிக்கும் பாடித் தரையின் மிகத் தாழ்ந்த பகுதிக்கும் நடுவே ஐந்து அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது.

நம் நாட்டில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

வண்டியை உயர்த்துவது ஒரு நாள் வேலைதான். மூன்று அங்குலம் என்பது நான்கு விரல் அகலம்தான். ஆனால் அந்த நான்கு விரலுக்குள் ஸ்டியரிங் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, வளைவில் கவிழாமல் நிற்கும் பலமும் இருக்கிறது. உயரத்துக்கு ஆசைப்படுகிறவர் முதலில் ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும்!