தூண்டிலுக்குப் பிண்ணாக்கு கேட்டு வந்தால்...

ஏரி, அணைப் பக்கம் கடை வைத்திருக்கும் மளிகை வணிகர்களிடம் கெண்டை பிடிப்போர் கடலைப் பிண்ணாக்கு, தவிடு, மைதா வாங்குவது உண்டு. பிண்ணாக்குத் தூளையும் தவிட்டையும் பிசைந்து உருட்டித் தூண்டிலில் வைப்பார்கள். உருண்டை சீக்கிரம் உதிராமலிருக்க மைதா சேர்ப்பார்கள்.

கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுநீரிலும், மிர்காலும் சாதாக் கெண்டையும் அடியிலும் மேயும். கலங்கிய நீரில் மணமே இவற்றை இழுக்கும். ஆகவே புதுப் பிண்ணாக்கே நல்ல இரை.

"மீனுக்குத்தானே" என்று பூஞ்சணம் பிடித்த சரக்கைத் தள்ளிவிடக் கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளுக்கு மேல் மாண்டன. காரணம், பூஞ்சண நஞ்சு ஏறிய கடலைப் பிண்ணாக்கு. அஃப்ளாடாக்சின் எனப்படும் அந்நஞ்சு வேகவைத்தாலும் முழுமையாகப் போகாது. தூண்டிலுக்கு வாங்கியதில் மிச்சம் மாட்டுத் தொட்டிக்குப் போகும். கறவை மாடு தின்றால் நஞ்சு பாலிலும் வரும். அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

எனவே வணிகப் பெருமக்கள் பிண்ணாக்கு மூட்டைகளை ஈரம் படாமல் பலகைமேல் அடுக்க வேண்டும். முதலில் வந்த சரக்கை முதலில் விற்க வேண்டும். பூஞ்சணம் கண்ட மூட்டையை எந்த உபயோகத்துக்கும் விற்காமல் அப்புறப்படுத்த வேண்டும். ஒரு மூட்டை நட்டத்தை அடுத்த வியாபாரத்தில் ஈடுகட்டலாம். கெட்ட பெயரை ஈடுகட்ட முடியாது.