பழைய பள்ளிக்கூடம் சின்னதாகிவிட்டதா?

பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் முதலில் கோவிலுக்குப் போவார்கள். குளத்தங்கரைக்குப் போவார்கள். சொந்தக்காரர்களைப் பார்ப்பார்கள். பிறகு, யாரும் கூப்பிடாமலே கால்கள் ஓர் இடத்துக்கு நடக்கும்.

அதுதான் சிறு வயதில் படித்த பள்ளிக்கூடம்!

வாசலில் நின்றதும் பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரிதான் சொல்லுவார்கள். "அடடே, இவ்வளவு சின்னதாக இருக்கிறதே! அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிதாக இருந்தது!"

பள்ளிக்கூடம் சின்னதாகவில்லை. பார்க்கிறவர்தான் வளர்ந்துவிட்டார். ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளையின் உயரம் நான்கு அடிக்கும் குறைவு. அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் ஜன்னல் மலைபோலத் தெரியும். கரும்பலகை வானத்தைத் தொடும். வாத்தியார் பனைமரம்போல நிற்பார். ஐந்தரை அடி வளர்ந்த பிறகு அதே ஜன்னல் இடுப்பு உயரத்துக்கு வந்துவிடுகிறது.

கண்ணின் கணக்கு இப்படி மாறுகிறது. மனதின் கணக்கும் இப்படித்தான். பழைய பள்ளியைப் பற்றிய நினைவில் சில பெரிதாகத் தெரிகின்றன. சில கண்ணுக்கே தெரிவதில்லை.

மணலில் எழுதிய காலம்

பள்ளிக்கூடம் என்றால் கட்டடம் என்று இன்று நினைக்கிறோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு பல ஊர்களில் பள்ளிக்கூடம் என்பது ஒரு வீட்டுத் திண்ணைதான். தரையில் மணலைப் பரப்பி, விரலால் "அ" என்று எழுதிப் பழகுவார்கள். கை பழகிய பிறகு பனை ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். மூத்த மாணவன் ஒருவன் "சட்டாம்பிள்ளை" ஆக இருந்து சின்னப் பிள்ளைகளை மேய்ப்பான். பாடத்தை எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்ல வேண்டும். சத்தம் தெருக்கோடி வரை கேட்கும்.

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் 1855-ம் ஆண்டு பிறந்தவர். "என் சரித்திரம்" என்ற நூலில், சிறு வயதில் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார்.

பிறகு சிலேட்டு வந்தது. சிலேட்டுக் காலத்தில் படித்தவர்கள் இன்றும் தாத்தா, பாட்டிகளாக வீடுகளில் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்லுவார்கள்.

சிலேட்டைத் துடைக்கக் கோவை இலை வேண்டும். வேலியில் படர்ந்த கோவைக்கொடியில் இலை பறித்துத் தேய்த்தால், சிலேட்டு கருகருவென்று பளபளக்கும். கரும்பலகைக்கு ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசுவார்கள். மணியாகத் தொங்குவது ரெயில் தண்டவாளத் துண்டு. மூலையில் மண்பானை. அதன் மேல் ஒரே ஒரு தம்ளர்.

வாசலில் ஒரு பாட்டி கடை விரித்திருப்பாள். இலந்தைப்பழம், கொடுக்காப்புளி, சவ்வு மிட்டாய் விற்பாள். காசு இல்லாத பிள்ளை ஒரு பலப்பத்தைக் கொடுத்து, பக்கத்துப் பிள்ளையிடம் பாதி மிட்டாய் வாங்கும். புத்தகத்துக்குள் மயிலிறகு குட்டி போடும் என்று நம்பாத பிள்ளை உண்டா?

மாலையில் வாய்ப்பாடு. "ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு" என்று எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். மணி அடித்ததும் ஒரே ஓட்டம்!

இதையெல்லாம் நினைத்தால் இனிக்கிறது. "அந்தக் காலம்போல வருமா?" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

காணாத முகங்கள்

பெருமூச்சு விடுகிறவர்கள் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, பழைய வகுப்பறையை மறுபடியும் பார்க்க வேண்டும். அந்தப் பெஞ்சில் யார் யார் இருந்தார்கள்? யார் யார் இல்லை?

பக்கத்து வீட்டுச் சிறுமி இருந்தாளா? அவள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டில் இருந்தாள். மாடு மேய்த்த பையன் இருந்தானா? பள்ளிக்கூடச் சத்தத்தை அவன் வேலிக்கு வெளியே இருந்து கேட்டான். சேரிப் பிள்ளைகள் இருந்தார்களா? பல ஊர்களில் அவர்களைச் சேர்க்கவே இல்லை. சேர்த்த இடங்களிலும் தள்ளி உட்கார வைத்தார்கள். அந்த ஒரே ஒரு தம்ளரை எல்லாப் பிள்ளைகளும் தொட முடிந்ததா?

கணக்கைப் பார்த்தால் விளங்கும். 1951-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் நூறு பேரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18 பேர்தான். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், நூறு பேரில் 9 பேர்கூட இல்லை!

பழைய பள்ளியை நினைத்து இனிமையாகப் பேசுகிறவர்கள், உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள். வெளியே நின்றவர்களுக்குப் போய்ப் பார்க்க ஒரு பழைய பள்ளிக்கூடமே இல்லை.

பின் வரிசைக்குப் போன சிறுவன்

உள்ளே வந்தவர்களுக்கும் எல்லாம் சுகமாக இருந்துவிடவில்லை.

ராமேசுவரம் தொடக்கப்பள்ளியில் அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நடந்த சம்பவம் இது. 1999-ம் ஆண்டு வெளிவந்த அவருடைய சுயசரிதையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

முதல் வரிசையில் கலாமும், கோவில் குருக்களின் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். இருவரும் உயிர்த் தோழர்கள். ஒரு நாள் புதிய ஆசிரியர் ஒருவர் வந்தார். தொப்பி போட்ட முஸ்லிம் சிறுவன், குருக்கள் மகனின் பக்கத்தில் உட்காருவது அவருக்குப் பிடிக்கவில்லை. கலாமை எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். கலாம் போனார். முன் வரிசையில் இருந்த தோழன் அழுதுவிட்டான்.

வீட்டுக்குப் போன பிள்ளைகள் நடந்ததைச் சொன்னார்கள். குருக்கள் அந்த ஆசிரியரை அழைத்தார். பிள்ளைகளின் முன்னிலையிலேயே கண்டித்தார். சின்னஞ்சிறு மனங்களில் வேற்றுமை என்ற விஷத்தைக் கலக்கக் கூடாது என்றார். ஆசிரியர் வருந்தினார். பிறகு மனமும் மாறினார்.

பின் வரிசைக்குப் போன அந்தச் சிறுவன் 2002-ம் ஆண்டு இந்தியாவின் ஜனாதிபதி ஆனார்.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் கடினம். புதுக்கோட்டையில் 1886-ம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி, அந்த ஊர் மகாராஜா கல்லூரியில் சேர விரும்பினார். ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பை மீறி இடம் கிடைத்தது. 1912-ம் ஆண்டு அவர் டாக்டர் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னை சட்டசபைக்குள்ளும் நுழைந்தார். ஒருவருக்குக் கதவு திறந்தது. தட்டிப் பார்க்கக்கூட முடியாமல் திரும்பியவர்கள் எத்தனை பேரோ!

பிடி அரிசிப் பள்ளிக்கூடம்

விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடம். அதை நடத்த ஊர்மக்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீட்டில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அப்படிச் சேர்ந்த அரிசி பள்ளிக்கூடத்துக்குப் போகும். அந்தப் பள்ளியில் படித்தவர்தான் காமராஜர்.

அவர் 1903-ம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். குடும்பச் சுமை வந்தது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார்.

படிக்க முடியாமல் போன அந்தச் சிறுவன் 1954-ம் ஆண்டு முதல்-மந்திரி ஆனார். பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பசிதான் காரணம்! 1956-ம் ஆண்டு எட்டயபுரத்தில் பகல் உணவுத் திட்டம் தொடங்கியது. மக்களும் மனமுவந்து கொடுத்தார்கள்.

பள்ளியில் சோறு போடுவது அதற்கு முன்பே சிறிய அளவில் நடந்திருக்கிறது. 1920-ம் ஆண்டு சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அதைத் தொடங்கினார்.

1982-ம் ஆண்டு ஜூலை மாதம், முதல்-மந்திரி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். 1989-ல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டத்தை மு.க.ஸ்டாலின் தொடங்கினார். மறு ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி அது மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த விழா நடந்தது திருக்குவளையில். கருணாநிதி சிறு வயதில் படித்த பள்ளிக்கூடம் அது.

சோறு வந்தது. பிள்ளைகள் வந்தார்கள். ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டபோது பழைய கோடுகளும் கொஞ்சம் கொஞ்சமாக அழியத் தொடங்கின. 2011-ம் ஆண்டு கணக்குப்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 73 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும்.

பிரம்பு எங்கே?

பழைய பள்ளிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தேடுவார்கள். அதுதான் வாத்தியாரின் பிரம்பு.

"அடி வாங்கித்தான் உருப்பட்டோம்" என்று பெருமையாகச் சொல்லுகிறவர்கள் உண்டு. அடிக்குப் பயந்து பள்ளிக்கூடத்தையே விட்டு ஓடியவர்கள் இதைச் சொல்ல வருவதில்லை. அவர்கள் அன்றைக்கே வயல் வேலைக்கும் பட்டறைக்கும் போய்விட்டார்கள். 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும், மனம் நோகச் செய்வதையும் அந்தச் சட்டம் தடை செய்கிறது.

ஆகவே, வேப்பமரம் போயிருக்கலாம். ஓட்டுக் கட்டடம் போய்க் கான்கிரீட் வந்திருக்கலாம். ஆனால் அன்று வேலிக்கு வெளியே நின்ற பிள்ளையின் பேத்தி, இன்று முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இதைவிட நல்ல மாற்றம் என்ன வேண்டும்?

இன்றைய கவலை

கவலையே இல்லை என்று சொல்ல முடியாது. இன்று பல ஊர்களில் பெஞ்சு இருக்கிறது. சோறு இருக்கிறது. ஆசிரியரும் இருக்கிறார். பிள்ளைகள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்!

வீடுகளில் பிறக்கும் குழந்தைகள் குறைந்துவிட்டன. பிழைப்புக்காகக் குடும்பங்கள் நகரத்துக்குப் போகின்றன. இருக்கும் பிள்ளைகளையும் காலையில் தனியார் பள்ளி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. பிள்ளைகள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை எப்படி நடத்துவது? அது மூடப்பட்டால், வேனுக்குக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? மறுபடியும் அது வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

போகும்போது என்ன செய்யலாம்?

படித்த பள்ளியைப் பார்க்கப் போவது நல்ல பழக்கம். போகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது.

முதலில் தலைமை ஆசிரியரைப் பார்த்து, அனுமதி பெற்று உள்ளே போக வேண்டும். எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், யார் பாதியில் நின்றார்கள் என்று கேட்க வேண்டும். குடிதண்ணீர் உண்டா, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை இல்லாவிட்டால் வயது வந்த பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

கொடுக்க நினைக்கிறவர்கள் பள்ளிக்கு என்ன தேவை என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். 1950-களின் பிற்பகுதியில், கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர்மக்கள் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் என்று முடிந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பணக்காரர்கள் மட்டும் கொடுக்கவில்லை. ஏழைகளும் கொடுத்தார்கள். அதே நோக்கத்தோடு "நம்ம ஸ்கூல், நம்ம ஊரு பள்ளி" என்ற திட்டம் 2022-ம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது.

பணம் இல்லாதவர்களும் உதவலாம். ஒவ்வொரு அரசு பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தாலே அது பெரிய உதவி. ஊரில் இருக்கும் தாத்தா, பாட்டிகள் வாரம் ஒரு முறை போய்க் கதை சொல்லலாம். அன்று வெளியே நின்ற பாட்டி ஒருத்தி வந்து, தான் ஏன் படிக்கவில்லை என்று சொன்னால், அதைவிட நல்ல பாடம் வேறு எது?

பள்ளிக்கூடம் சின்னதாகத் தெரிந்தால், கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு அந்த ஜன்னல் இன்றும் மலைபோலத்தான் தெரிகிறது.