அசுவினிக்குக் கசக்கிறதா வேம்பு?

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மானாவாரி நிலக்கடலையில், மழை இடைவெளி நீளும்போது கொழுந்துகளில் அசுவினி கூட்டம் கூட்டமாக அடைகிறது. சாற்றை உறிஞ்சி வைரஸ் நோய்களையும் பரப்பும் இப்பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் பரிந்துரைக்கப்படுகிறது. தெளித்த மறுநாளும் பூச்சி அப்படியே இருந்தால், விவசாயி கடன்பட்டு ரசாயன மருந்துக்கு மாறுகிறார். குறை வேம்பில் உள்ளதா, அதைப் பயன்படுத்தும் முறையில் உள்ளதா?

வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தீண்டுவதில்லை என்பதை தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானி பிரதானும் அவரது குழுவினரும் 1962இல் எடுத்துக்காட்டினர். ஆனால் அசுவினி இலையைக் கடித்து உண்பதில்லை. உணர்கொம்புகளாலும் கால் நுனிகளாலும் இலைப்பரப்பைச் சோதித்து, ஊசி போன்ற வாயுறுப்பைச் செருகி, சிறிது சாற்றை உறிஞ்சிப் பார்க்கிறது. சுவையறியும் உறுப்பு அதன் வாயின் உட்புறத்தில் உள்ளது. ஒவ்வாத பொருள் தென்பட்டால் ஊசியை உருவிக்கொண்டு வேறிடம் தேடுகிறது.

வேம்பின் முக்கிய வேதிப்பொருளான அசாடிராக்டின், பல புழுக்களை மிகச் சிறிய அளவிலேயே உண்ணவிடாமல் தடுக்கிறது. அசுவினியைத் தடுக்கவோ அதைவிட அதிக அளவு தேவை. எனினும் குறைந்த அளவிலேயே குஞ்சுகளின் தோலுரிப்பு தடைபடுகிறது. தாய்ப்பூச்சி ஈனும் குஞ்சுகளும் குறைகின்றன. பலன் சில நாட்கள் கழித்தே தெரியும். சில வைரஸ்கள் பரவ நொடிகள் நீடிக்கும் ஊசிக்குத்தலே போதும் என்பதால், கசப்பு மட்டுமே நோயைத் தடுத்துவிடாது.

ஆகவே பூச்சி பெருகும் முன்பே தெளிப்பது அவசியம். 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பம்பருப்புத் தூள் என்பது வழக்கமான 5 சதவீதக் கரைசல். வெயிலில் அசாடிராக்டின் சிதைவதால் மாலையில், இலையின் அடிப்புறமும் நனையுமாறு தெளிக்க வேண்டும். அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளையும் காக்க வேண்டும்.

பூஞ்சாண நோய்க்கு எதிராக வேப்பெண்ணெயைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமை 2000இல் ரத்தானது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது. வேம்பின் மீதான உரிமைக்காக நடந்த அந்தப் போராட்டத்தின் பலன் வயலை எட்ட வேண்டாமா? இயற்கை வேளாண்மையை இயக்கமாக நடத்தும் ஆந்திர அரசு, திருப்பதியிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவை உரிய பருவத்தில் ஊர்தோறும் கொண்டுசேர்க்க வேண்டும். இல்லையேல், முற்றத்தில் வேம்பு நிற்க, பூச்சிமருந்துக் கடையில் விவசாயியின் கடன் ஏறிக்கொண்டே போகும்.