வன்தட்டு பழுதாகும் முன்

தருமபுரி மாவட்டக் கிராமப் பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறேன். ஒருநாள் பள்ளிக் கணினியின் வன்தட்டு பழுதானது. மாணவர்களின் மதிப்பெண் பட்டியல்களை மீண்டும் கையால் எழுதினோம். அன்று கற்றதைச் சொல்கிறேன்.

குளோனிங் என்பது இயங்குதளம் உட்பட வன்தட்டு முழுவதையும் மற்றொன்றில் படியெடுப்பது. குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து இயக்கி இதைச் செய்யலாம். புதிய வன்தட்டின் கொள்ளளவு பழையதைவிடக் குறையக் கூடாது. அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும். எனவே எதிலிருந்து எதற்கு என்பதை இருமுறை சரிபாருங்கள்.

ஆனால் குளோன் அன்றைய நிலையை மட்டுமே காக்கும். அன்றாடக் கோப்புகளுக்குக் காப்புநகல் தேவை: மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், 1 பிரதி பள்ளிக்கு வெளியே, கடவுச்சொல்லுடன்.

வெள்ளிதோறும் மாலையில் நகலெடுக்கிறேன். மாதம் ஒருமுறை அதைத் திறந்தும் பார்க்கிறேன். திறக்க முடியாத நகலால் பயனில்லை. இந்த வாரமே நீங்களும் தொடங்கலாமே!