பொட்டியா, ஸ்பிண்டிலா?

சங்ககிரிக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவில் ஒரு நூற்பாலை, பெயர் வேண்டாம். அங்கே ரிங் ஃப்ரேமில் ஒவ்வொரு ஸ்பிண்டிலும் நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓட வேண்டும். ஓட்டுகிற டேப் தளர்ந்தால் ஸ்பிண்டில் பின்தங்கும், நூலில் முறுக்கு குறையும். அதைக் கண்டுபிடிக்க நான் ஒரு பொட்டி கட்டிக்கொண்டு போனேன். ஸ்பிண்டிலில் ஒட்டிய வெள்ளைத் துண்டை ஒளி சென்சார் பார்க்கும். சுற்றுக்கு ஒரு பல்ஸ். இரண்டு பல்ஸுக்கு இடைப்பட்ட நேரத்தை ஆர்டுயினோ ஊனோ அளந்து, புளூடூத்தில் போனுக்கு அனுப்பும்.

18,007 என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே 15,228 என்று விழுந்தது. அடுத்த எண் 22,026. பிறகு பழையபடி 18,007. ஃபிட்டர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, ஆடறது ஸ்பிண்டிலுங்களா, உங்க பொட்டிங்களா?”

கேள்வி சரியானது. சுழல்கிற இரும்பு 3 மில்லி செகண்டில் 7,000 சுற்று தாவாது. சுற்று எண்ணை விட்டுவிட்டு மைக்ரோ செகண்டைப் பார்த்தேன்: 3,332, 3,940, 2,724, 3,332. நடுவில் உள்ள இரண்டையும் கூட்டினால் 6,664. அதாவது சரியாக இரண்டு 3,332. ஒன்று கூடினால் அடுத்தது அதே அளவு குறைகிறது. பல்ஸ் நேரத்துக்கு வந்துவிட்டது, வருகைப் பதிவு மட்டும் தாமதம். ஸ்பிண்டில் உண்மையிலேயே மெதுவானால் கணக்கு இப்படி நேராகாது. சந்தேகம் தீர, இன்னொரு போர்டிலிருந்து செகண்டுக்கு 300 பல்ஸ் கொடுத்தேன். ஸ்பிண்டிலே இல்லாமல் அதே ஆட்டம்!

குற்றவாளி, புளூடூத்துக்கு எண்ணை அனுப்பிக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் சீரியல். 9,600 பாட் வேகத்தில் ஓர் எழுத்தை அனுப்ப 1.04 மில்லி செகண்ட். அனுப்பி முடிக்கும்வரை அது இன்டரப்ட் எல்லாவற்றையும் மூடி வைக்கும். வாசலில் பல்ஸ் நின்றுகொண்டிருக்கும், கதவைத் திறக்க ஆள் இருக்காது. அதை நிறுத்தியதும் பெரிய ஆட்டம் போயிற்று. மிச்சம் ஒரு சில்லறை ஆட்டம்: ஊனோவின் மைக்ரோஸ் கடிகாரம் 4 மைக்ரோ செகண்டாகத்தான் நகரும், இந்த வேகத்தில் ஓர் அடி என்பது 22 சுற்று. போதாததற்கு, 1,024 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை அந்தக் கடிகாரத்தின் சொந்த இன்டரப்ட் வேறு குறுக்கே வரும்.

ஒயரை 8-ஆம் பின்னுக்கு மாற்றினேன். ஏடிமெகா 328பி சிப்பில் இன்புட் கேப்சர் அங்கேதான் இருக்கிறது. பல்ஸின் விளிம்பு வந்த கணமே டைமர் எண்ணை ஹார்டுவேரே நகலெடுத்து வைத்துவிடும். அடுத்த பல்ஸ் வருவதற்குள் புரோகிராம் சாவகாசமாக வந்து எடுத்துக்கொள்ளலாம். 16 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து டைமருக்குக் கொடுத்தால் அரை மைக்ரோ செகண்டுக்கு ஓர் எண். சென்சார் ஓப்பன் கலெக்டர் வகை என்பதால் சிக்னல் சட்டென இறங்கும், சோம்பலாக ஏறும். ஆகவே இறங்கும் விளிம்பிலிருந்து அடுத்த இறங்கும் விளிம்புவரை அளந்தேன். (ஊனோவில் இந்தச் சிப்பின் கடிகாரத்தை ஓட்டுவது குவார்ட்ஸ் அல்ல, செராமிக் ரெசனேட்டர். சேலத்துச் சித்திரை வெயிலில் அது மெல்ல நகரும். அது எல்லா எண்ணையும் ஒரே பக்கம் தள்ளும் பிழை. இந்த ஆட்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

மறுநாள் எண்கள் அசையாமல் நின்றன. வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனதில் ஒரு ஸ்பிண்டில் மட்டும் 17,390. பக்கத்தில் இருந்ததும் அப்படியே. ஃபிட்டர் ஒன்றும் பேசாமல் மெஷினைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார், நேர் எதிரே இருந்த இரண்டையும் காட்டினார். அவையும் 17,400-ஐத் தாண்டவில்லை.

“நாலும் ஒரே டேப்புங்க,” என்றார்.