வாத்து இறைச்சியில் அரிசி மணிகள்

வட அமெரிக்காவில் காட்டு வாத்துகளை வேட்டையாடுவோர், பறவையின் தோலை உரித்ததும் சில வேளைகளில் திடுக்கிட்டுப் போவார்கள். நெஞ்சுச் சதை முழுவதும் அரிசி மணிகளைப் பதித்து வைத்தாற்போல் இருக்கும். புழுவோ என்று நாம் ஐயுறலாம், புழுவன்று. 'சார்க்கோசிஸ்டிஸ்' என்னும் ஓரணு ஒட்டுண்ணி, தசைநார்களின் போக்கிலேயே கட்டிக்கொண்ட கூடுகள் அவை. 1893ஆம் ஆண்டிலேயே ஸ்டைல்ஸ் என்னும் அமெரிக்க விலங்கியலார் இதனை விவரித்திருக்கிறார்.

இந்த ஒட்டுண்ணி வாழ இரண்டு வீடுகள் வேண்டும், நேயர்களே. நோயுற்ற வாத்தை ஸ்கங்க் என்னும் விலங்கு தின்கிறது. (துர்நாற்றம் பீய்ச்சுவதில் பேர்போன அதே விலங்குதான்!) அதன் குடலில் ஒட்டுண்ணி பெருகி, மலத்தோடு வெளியேறி, நீரிலும் தீனியிலும் கலந்து மீண்டும் வாத்தை அடைகிறது. ஐரோப்பாவில் ஸ்கங்கின் இடத்தைச் செந்நரி பிடித்துக்கொள்கிறது. கூடுகள் கண்ணுக்குப் புலனாகப் பல மாதங்கள் செல்லும். ஆதலால் இளம் வாத்துகளில் இவற்றைக் காண்பது அரிது.

சரி, உண்ணலாமா? மனிதருக்கு இது தொற்றியதாக அறியப்படவில்லை. நன்றாக வேகவைத்தால் ஒட்டுண்ணி இறந்துவிடும். ஆயினும் மணிகள் மிகுந்திருந்தால் பலர் அருவருத்து எறிந்துவிடுகிறார்கள். அதை நாம் குறைகூற மாட்டோம். ஆனால், எறிவதை நரியும் ஸ்கங்கும் எட்டாதபடி ஆழப் புதைக்க வேண்டும். நீரோரம் வீசிவிட்டால் அடுத்த சுற்று அங்கேயே தொடங்கிவிடும்.